இரண்டாம் பம்ப், இரவு 2.40

முதல் நாள் பயிற்சியில் சொன்னது இவ்வளவுதான்:
அழுகிய முட்டை நாறினால் முகமூடியை எடு.
நாறிக்கொண்டிருந்தது சட்டென்று நின்றால்
நல்லதென்று நினைக்காதே.
மூக்குதான் முதலில் சாகும்.
அடுத்தது மூக்குக்கு உரியவர்.

பன்னிரண்டு வருடமாக நான் முகர்வது
திரையில் ஓடும் எண்களை.

காஸ்பியனுக்குக் கிழக்கே, ஜனவரி,
பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தெட்டு.
வேலிக்கு வெளியே யாருடையவோ ஒட்டகங்கள்
குழாயின் வெதுவெதுப்புக்காக ஒட்டி நிற்கின்றன.
உள்ளே பால் ஊற்றிய தேநீர், ஆறு திரைகள்,
ஓர் இரவுக்கு இருநூறு அலாரம்.
அதில் நூற்றுத் தொண்ணூறு பொய்.
எந்தப் பத்து என்றுதான் சம்பளம்.

2.40க்கு முதல் பம்ப் நின்றது.

இரண்டாம் பம்ப் தயார் என்றது திரை.
திரைக்கு என்ன தெரியும்?
அதன் பாதுகாப்பு வால்வைக் காலையில்
சோதனைக்குக் கழற்றினார்கள்.
மாட்டிவிட்டார்களா?
குறிப்பேட்டில் குவானிஷின் கோணல் எழுத்து:
'வேலை முடிந்தது.'
பெர்மிட்டைப் புரட்டினேன்.
கையெழுத்துக் கட்டம் வெள்ளையாக இருந்தது,
வெளியே கிடந்த பனியைப் போல.

தொலைபேசியில் தாவ்லெத்பெக், நகரத்திலிருந்து,
தூக்கம் கலைந்த குரல்:
மெருயெர்த், ஒரு பொத்தான்தானே.
ஆமாம், ஒரு பொத்தான்தான்.
முடிந்தது என்றுதானே எழுதியிருக்கிறான்?
எழுதியிருக்கிறான்.
பிறகென்ன?
யாராவது கண்ணால் பார்த்துவிட்டு வரட்டும்.
நிமிடத்துக்கு எவ்வளவு நட்டம் தெரியுமா?
தெரியாது என்றேன். தெரியும்.

எர்கெபுலான் முதுகில் காற்றுச் சிலிண்டரோடு போனான்,
கூட ஸெரிக்பாயும். அங்கே தனியாகப் போகக்கூடாது.
ரேடியோவில் மூச்சு மட்டும் கேட்டது.
ஏணி ஒன்று. மூச்சு. ஏணி இரண்டு.
பனி மூடியிருக்கு, சுரண்டிப் பார்க்கணும்.
மூச்சு.
அதற்குள் கொள்கலனில் மட்டம் ஏறி
ஆலை தானாக நின்றுகொண்டது;
எரிகோபுரத்தில் நெருப்பு எழுந்து
முப்பது கிலோமீட்டர் ஸ்டெப்பியும்
மஞ்சளாக விழித்துப் பார்த்தது.

பிறகு அவன் குரல்:
வால்வு இருக்கு. போல்ட் எட்டும் இருக்கு. இறுக்கமா இருக்கு.

யாரும் எதுவும் சொல்லவில்லை.

நான் நினைத்ததைச் சொல்லிவிடுகிறேன்:
ஒரே ஒரு போல்ட் லூசாக இருந்திருக்கக்கூடாதா என்று.
நிரூபணத்துக்காக ஒன்று, கையால் ஆட்டினால் ஆடுகிற மாதிரி.
அந்த நினைப்பு வந்ததும் எழுந்துபோய்
வெந்நீரில் முகம் கழுவினேன்.

திரும்ப ஓட வைக்கப் பதினோரு மணி நேரம்.
உற்பத்தி இழப்புக்குக் காரணம் என்ற கட்டத்தில்
'ஒரு கையெழுத்து' என்று எழுதினேன்.
விவரமாக எழுதவும் என்று திரும்பி வந்தது.
'ஒரு கையெழுத்து இல்லை' என்று எழுதினேன்.

அடுத்த நாள் குவானிஷ் என் முன்னால் நின்றான்,
தொப்பியைக் கழற்றாமல்.
அக்கா, போட்டேன்.
வெளியே நின்றுதான் போட்டேன்.
பேனா எழுதவில்லை, மை உறைந்துவிட்டது.
உள்ளே வந்து போடலாம் என்று...
சாப்பாட்டு மணி அடித்துவிட்டது.

காகிதத்தை விளக்குக்கு நேரே தூக்கிப் பார்த்தேன்.
மையில்லாத கீறல், அவன் பெயர் முழுவதும்,
கடைசி எழுத்தின் வால் உட்பட.

விசாரணை மூன்று வாரம் நடந்தது.
என்னைப் பாராட்டவுமில்லை, கண்டிக்கவுமில்லை.
தாவ்லெத்பெக் இப்போது என்னை
முழுப்பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்.
ஸ்டோரிலிருந்து ஒரு பெட்டி வந்தது,
எல்லாப் பெர்மிட் மேசைக்கும் ஆறு ஆறாக:
பென்சில்.

ஒன்றைச் சீவி வைத்திருக்கிறேன்.
இரவு 2.40.
திரையில் இரண்டாம் பம்ப் தயார் என்கிறது.