கிறுகுற இடம்

பிரேக் பிடிச்சா முன்னுக்கு ஒரு ‘டொக்’.
வவுணதீவுக்கு அங்கால கிறவல் தொடங்கினா
டொக் டொக் டொக்,
ஆரோ உள்ளுக்கிருந்து கதவு தட்டுற மாதிரி.
நான் மீற்றர் வாசிக்கிறவன்.
நாளைக்குத் தொண்ணூறு வீடு, நாற்பது நாய்,
ஒரு மவுண்டன் பைக்.

ஹெட்செட் போயிற்றுது எண்டு எல்லாருக்கும் தெரியும்.
எதைப் போடுறது எண்டதிலதான்
ஆளுக்கொரு வேதம்.

எறிக் பார்த்தலட் சொன்னான்:
“சீல் பண்ணின பெயரிங் போடு.
நாலாயிரத்து எண்ணூறு.
மூண்டு வருஷத்துக்குக் குனிஞ்சு பாக்கத் தேவல்ல.”
அவன் ஞாயிறு காலமை
கல்லடியால பாசிக்குடாவுக்குத் தார் றோட்டால
கறுப்புக் கண்ணாடியோட போறவன்.
அவன்ட பைக்கில சேறு பட்டதை
நான் இன்னும் காணல்ல.

மீன் ஜலால்தீன் சிரிச்சான்.
ஹாண்டிலில தூக்கின இறால் பையால
சொட்டுற ஐஸ் தண்ணி
நேரே அவன்ட கப்புக்குள்ளதான் இறங்கும்.
“சீல் எண்டா என்ன, உப்புக்கு வாசல் தெரியாதா?
உன்னிச்சைக் கட்டில தனிய நிண்டு
உன்னால கழட்டிப் பூட்ட ஏலுமானத வாங்கு.
மத்ததெல்லாம் கடைக்காரன்ட சொத்து.”

யோகமலர் ரீச்சருக்குப் பன்னிரண்டு வருஷமா
ஒரே கப், ஒரே கோன்.
வருஷப் பிறப்புக்கு முதல் நாள், பலகாரம் சுட்ட கையோட
கழட்டி, மண்ணெண்ணெயில கழுவி, கிறீஸ் அடைப்பா.
“சாமான் என்ன செய்யும்,” எண்டா,
“நீங்க ஒருக்காலும் திறந்து பாக்காட்டி?”
அதுக்குப் பிறகு அவவோட நான் விலை கதைக்கல்ல.

கடற்கரைப் பெடியள்
முன் சில்லைத் தூக்கிக்கொண்டு வந்து மடாரெண்டு போடுவானுகள்.
ஒரு மாசத்தில கப் வெடிக்கும்.
“கள்ளச் சாமான்” எண்டு துப்புவானுகள்.
அதுவும் முழுப் பொய்யில்ல.
ஒரே சாமானுக்கு மூண்டு பெட்டி, மூண்டு விலை;
ஆர் கண்டது.

இரவு, பழைய பில் கட்டையின்ட பின்பக்கத்தில
கணக்குப் பாத்தன்.
அறுநூத்தி ஐம்பது ரூபாய்ச் சாமான் நாலு மாசம் போகும்:
மாசத்துக்கு நூத்தி அறுபத்திரண்டும் சில்லறையும்.
எறிக்கின்டது நூத்தி முப்பத்திமூண்டு.
ஆக, விலை கூடினதுதான் மலிவு.
கணக்குச் சரி.
ஆனா அந்த மலிவு
நாலாயிரத்து எண்ணூறையும் ஒரேயடியாக் கேக்குது.
மாசாமாசம் வாசிச்சுக் கட்ட
அதுக்கு ஒரு மீற்றர் இல்ல.

காத்தான்குடியில முஸம்மில்
கப்பைத் தட்டிக் கழட்டி வெளிச்சத்துக்குப் பிடிச்சான்.
போல்ஸ் ஓடின தடத்தில
வரிசையா சின்னச் சின்னக் குழி,
மாங்காயில பல்லுப் பட்ட மாதிரி.
“நேரே போய்ப் போய்,” எண்டான்,
“றோட்டின்ட பள்ளமெல்லாம் ஒரே இடத்தில குத்தியிருக்கு.
அதுதான் கைய விட்டாலும் நேரே இழுக்குது.”
ஐஞ்சு வருஷமா அதை நான்
பைக்கின்ட நல்ல குணம் எண்டு நினைச்சிருந்தன்.

அறுநூத்தி ஐம்பதுதான் போட்டன்.
போல்ஸ் கோத்த கூட்டை முஸம்மில் வீசிப்போட்டு
லூஸ் போல்ஸை கிறீஸில ஒட்டி ஒட்டி வச்சான்,
பக்கத்துக்கு ரெண்டு கூட.
“மாரியைத் தாண்டும்,” எண்டான்.
சத்தியம் பண்ணல்ல.

வலையிறவுப் பாலத்தில ஏறேக்க
காத்துத் தொட்டாலே கிறுகுது.
குடிச்சவன் மாதிரி ரெண்டு தரம் வளைஞ்சன்.
தூண்டில் போட்டுக்கொண்டிருந்தவன் ஏசினான்.
பைக்கில பிழை இல்ல.
என்ட தோள்தான் இன்னும்
அந்தப் பழைய குழிக்குள்ள விழப் பாக்குது.

மறுகா, கன்னங்குடாவில முதல் வீடு.
வேலியால புகுந்து வழக்கமான கறுவல் பாய,
ஒரு விரலால வெட்டினன்.
நான் வழமையா வாற இடத்தில
அது வெறுங்காத்தைக் கடிச்சுது.