இருபத்தெட்டாம் நாள்

கிருஷ்ணராஜபுரத்தில் ரயிலை விட்டு
இரண்டு பஸ் மாறினால் பூதிகெரே கிராஸ்.
ஊர்ப் பெயரிலேயே சாம்பல்.
ஆனாலும் எங்கள் ஆலைக்கு அது
ராய்ச்சூரிலிருந்து டேங்கரில் வருகிறது.

என் வேலை உடைப்பது.
கழுத்து அட்டையில் அப்படிப் போடவில்லை:
பா. ஜெசிந்தா, தரப் பரிசோதனை உதவியாளர்.

லாரிகள் இரவில் வந்து போய்விடும்.
காலையில் கிடப்பதை மட்டும் பார்க்கிறேன்.
மல்லேஸ்வரத்து லாட்ஜ் ஒன்று,
விஜயநகரில் யாரோ பாகம் பிரித்த வீடு,
பெலந்தூரில் கட்டி முடிக்கும் முன்பே
இடிக்கச் சொன்ன நாலாவது மாடி.
சீட்டில் எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்:
'கலவை, பதினாறு டன்.'

பெல்ட் ஓடும். இருபுறமும் பெண்கள்.
கம்பி தனி, மரம் தனி, வயர் தனி.
எது கண்ணாடி என்று கையுறைதான் முதலில் சொல்லும்.
பித்தளைக் குழாய்கள் மட்டும்
ஹுலிகெம்மா நிற்கும் பக்கம்
எப்படியோ குறைவாகவே வரும்.
சாம்பலும் அவளும் ஒரே ஊர்.
நான் எதுவும் கேட்டதில்லை.

மிச்சமெல்லாம் அரவை வாய்க்குள்.
அதற்கு லாட்ஜும் ஒன்று, வீடும் ஒன்று:
பன்னிரண்டு மில்லிமீட்டர், ஆறு மில்லிமீட்டர், தூள்.

"பளபளப்பா எது வந்தாலும் வெளியே எடு"
என்பார் இன்ஜினியர் சோமண்ணா.
பீங்கானைச் சிமெண்ட் பிடித்துக்கொள்ளாதாம்.

எங்கள் மாரிக்குப்பத்தில் மலை என்றால்
சயனைடு மண்.
பொன்னை எடுத்துக்கொண்டு
மிச்சத்தை எங்களுக்கு விட்டுப் போனார்கள்.
காற்று காலத்தில் அது துணிக்கொடிவரை வரும்.
அதில் கல் போடலாமா சார் என்று கேட்டேன் ஒருமுறை.
சோமண்ணா போனில் ஏதோ கணக்குப் போட்டார்.
இன்னும் பதில் சொல்லவில்லை.

ஆவலஹள்ளியில் சைட் வாங்கியவர் வந்தார்.
யாரோ உள்ளிருந்து திறப்பார்கள் என்பதுபோல
விரல் முட்டியால் கல்லைத் தட்டினார்.
"கட்டி இதியா?"
நம் கெட்டிதான், ஓரெழுத்து சாய்ந்திருக்கிறது.
இருக்கு சார் என்றேன்.
அவருக்கு ஆறவில்லை.
எந்த வீட்டு இடிசலோ, அங்கே என்ன நடந்ததோ,
புது வீட்டுக்குள் அது எதற்கு?
எம்-சாண்டும் இடிந்த மலைதானே சார்
என்று நாக்கு நுனிவரை வந்தது.
விலையைச் சொன்னேன்.
பலகை மேல் உட்கார்ந்துவிட்டார்.

இருபத்தெட்டாம் நாள்.
தண்ணீர் குடித்து முடித்த ஆறு கற்கள்.
நானூறைத் தாண்டினால் பாஸ்.
மூன்றாவதை மெஷினுக்குள் வைத்தேன்.
இருநூற்றைம்பது, முந்நூற்றுப் பத்து,
முந்நூற்று எழுபத்திரண்டில்
வாய்க்குள் அப்பளம் நொறுங்குகிற ஓசை.

பிளந்த முகமெங்கும் நீலம்.
செதில் செதிலாக.

எனக்குத் தெரியும் அது எங்கிருந்து வந்தது.
பெல்ட்டில் அன்று ஆள் குறைவு, நான் நின்றேன்.
குளியலறைச் சுவர் ஒன்று அப்படியே வந்தது,
குழந்தை உயரத்தில் ஒரு வரிசை நீல மீன்கள்,
ஒரு மீனின் கண்மேல் யாரோ ஒட்டிய பொட்டு.
கை நீட்டினேன்.
நீட்டிய கையைத் திரும்ப எடுத்துக்கொண்டேன்.
ஏன் என்று அதற்குப் படிவத்தில் இடமில்லை.

எழுதினேன்: '372. தோல்வி. காரணம்: பீங்கான்.
பெல்ட்டில் நின்றவர்: பா. ஜெசிந்தா.'
சோமண்ணா படித்துவிட்டு
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், அவ்வளவுதான்.

இங்கே தோற்ற கல் எங்கும் போவதில்லை.
நூறடி தள்ளி அதே வாய்.
அறுநூறு கற்களும் மறுபடி உள்ளே.
இனி அந்த மீன்களை
எந்தக் கையாலும் பொறுக்க முடியாது.
பத்துக்கு ஒரு பங்காகக் கலந்து
இன்னும் இருபத்தெட்டு நாள் காத்தோம்.
நானூற்றுப் பதினொன்று.

ஆவலஹள்ளிக்காரர் இரண்டாயிரம் ஏற்றிப் போனார்.
சுவர் எழும்பிவிட்டதாம், பூச்சு அடுத்த மாதம்.
சாயங்கால பஸ் அந்த வழியாகத்தான் போகும்.
வெயில் சாய்கிற பக்கம்
ஜன்னலோரம் இடம் பிடித்து வைத்திருக்கிறேன்.