மஞ்சள் துணி

காலைக்குள் நாற்பது உருப்படி.
ஜெர்சிக்குப் பட்டன் கிடையாது,
கூலியும் அதற்கேற்பத்தான்.
நூல்கண்டில் கைபேசியைச் சாய்த்து வைத்தேன்.
லா பாஸின் மெல்லிய காற்றில்
பச்சைச் சட்டைகள் ஓடுகின்றன.
சாவோ பாலோவில்
என் மடியெல்லாம் மஞ்சள்.

மேசைக்கடியில் எலியேல், இங்கே பிறந்தவன்,
வெட்டுத்துணியைத் தோளில் போர்த்திக்கொண்டு
'நாமதாம்மா ஜெயிப்போம்' என்கிறான்
போர்த்துகீசியத்தில்.
எந்த நாம?
கேட்கவில்லை. ஊசியில் நூல் அறுந்திருந்தது.

எண்பத்தெட்டாவது நிமிடம்
யாரோ ஒரு குட்டையன் எம்பித் தலையால் முட்டி
வலை.

செவெரினா வாயைப் பொத்திக்கொண்டாள்,
மாடியில் முதலாளி.
நானும் கத்தவில்லை.
கால்தான் மிதியை அமுக்கிவிட்டது.
கழுத்துப்பட்டியைத் தாண்டித்
தையல்
நெஞ்சுவரை ஓடிக் கிடக்கிறது.

பிரிக்கணும்.
பிரிக்கலாம்,
முதலில் நடுவர் விசில் ஊதட்டும்.