விவரம், இருநூறு எழுத்துக்குள்

காங்கயம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில்
பட்டா, பான் கார்டு, பரீட்சை ரிசல்ட்
எல்லாம் பார்க்கிற பிரவுசிங் சென்டர்.
மருத்துவக் கல்லூரி விண்ணப்பத்தின் நான்காம் பக்கத்தை
உரக்க வாசிக்கிறார் தங்கமுத்து அண்ணன்.
சர்க்கரை இருக்குதுங்களா? இல்லை.
வலிப்பு? இல்லை.
மனநோய்க்கு வைத்தியம் ஏதாவது...
கேள்வி முடியும் முன்பே
'இல்லை'யில் விழுந்துவிட்டது புள்ளி.

எனக்குப் பின்னால் வரிசையில்
வில்லங்கச் சான்றுக்கு நிற்கிறார்
அத்தையின் சம்பந்தி.

போன வருசம் வியாழன்தோறும்
பல்லுக்கென்று சொல்லிக் கோயமுத்தூர் போனோம்.
பதினோரு மாதம்.
கம்பியே போடாத என் வாயைப் பார்த்து
"இப்பத்தான் கண்ணு வரிசைக்கு வந்திருக்குது" என்று
கல்யாண வீட்டில் மெச்சினாள் அத்தை.
நானும் ஈயென்று காட்டினேன்.
அப்பா இலையைப் பார்த்தபடியே சாப்பிட்டார்.

ராசிபுரம் விடுதியில் நாலு மணிக்குப் பெல்.
அதற்கு முன்பே விழித்திருப்பேன்,
முந்தின நாளும், அதற்கு முந்தின நாளும்.
தாவரவியலில் ஒரே பக்கத்தில் ஒன்பது நாள் இருந்தேன்.
வார்டன் கூப்பிட்டதும்
களத்தில் கொப்பரையை அப்படியே போட்டுவிட்டு
அழுக்கு வேட்டியோடு வந்தார் அப்பா.
அன்றைக்கென்று பார்த்து மழை.
நனைந்ததைப் பற்றி இன்றுவரை
ஒரு வார்த்தை கிடையாது.

"அண்ணா, அதுல 'ஆம்' போடுங்க."

மவுஸின்மேல் கை நின்றது.
"யோசிச்சுக்கங்க அம்மணி,
கவுன்சிலிங்ல கழிச்சு உட்டுட்டாங்கன்னா?"

இரண்டுக்கும் அதே பேர்தான்.
ஒன்றில் ரேங்க் கேட்பார்கள்.
மற்றதில் டாக்டர் நசீமா
நேத்து எத்தனை மணி நேரம் தூங்கினாய் என்றார்.

'ஆம்' என்றதும் ஒரு கட்டம் திறந்தது.
விவரம், இருநூறு எழுத்துக்குள்.
இடைவெளியும் எழுத்துக் கணக்கில் சேருமாம்.

நான் சொல்லச் சொல்ல அடித்தார்:
நோயின் பேர், மாத்திரையின் பேர்,
தொடங்கிய தேதி, நிறுத்திய தேதி.
கொப்பரைக்கு இடமில்லை.

ஹெல்மெட்டை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றி
"எழுத்து மிச்சமிருக்குதுங்களா?" என்றார் அப்பா.
"பத்து இருக்குதுங்க."
"இப்ப நல்லாத் தூங்கறான்னு போடுங்க."
சம்பந்திக்கும் கேட்கிற குரல்.

தங்கமுத்து அண்ணன் விரல்விட்டு எண்ணினார்.
"'நல்லா'வை எடுத்தாத்தானுங்க கொள்ளும்."

அப்பா என்னைப் பார்த்தார்.
முந்தாநாள் ராத்திரியை நினைத்துக்கொண்டேன்.

"எடுத்துருங்கண்ணா," என்றேன்.
"அதுதான் சரியா இருக்கும்."