நாற்பத்தொன்றாம் படலம்

சொஹாரில் ஆகஸ்ட். வெளியே நாற்பத்தாறு பாகை,
சோதனை அடுப்பில் நூற்றைம்பது.
மயிரிழையைப் பத்தாக வகிர்ந்த கனத்தில்
பாலிமர்; இரு முகமும் அலுமினியம்.

மூலக்கூறில் ஒரு வளையம் கூட்டினால்
சூடு தாங்கும், மின் கசியும்.
குறைத்தால் கசியாது,
துவண்டுபோகும்.
அசை, ஆனால் கடத்தாதே என்று
ஒரு சங்கிலியிடம் எவ்வளவுதான் கேட்பது!

பத்ரியா மின்னழுத்தம் ஏற்றுகிறாள்.
நான் ஏலக்காரன் குரலில்:
மூவாயிரம், மூவாயிரத்து நூறு,
இருநூ—

டப்.

நுண்ணோக்கியில் பார்த்தோம்.
ஊசிமுனைப் பொத்தல்.
சுற்றியிருந்த உலோகம் ஆவியாகி
அதைத் தீவாக்கி ஒதுங்கியிருந்தது.
மிச்சப் பரப்பில் ஒரு கீறலும் இல்லை.

பேரேட்டில் 'செத்தது' என்று எழுதப் போனவள்
பேனாவை மூடிவிட்டு
மறுபடி சுவிட்சைப் போட்டாள்.

"ஆயிரம்" என்றேன்,
இம்முறை மெதுவாக.