இருபத்தாறு

விடியப்புறம் மூன்று மணி.
எண்பத்தாறு அறைகளும் உறங்குகின்றன.
பாசிக்குடாக் கடலும் உறங்கின மாதிரித்தான்.
மீட்டர் மட்டும் முழிப்பு.
டோர்ச்சைப் பிடித்து இலக்கத்தை எழுதுகிறேன்,
நாடி பார்க்கும் பரிசாரிபோல.
யார் குடிக்கிறார்கள் இவ்வளவு கரண்டையும்
இந்த நேரத்தில்?

"முப்பது வீதம் குறைக்கணும், தவநேசன்.
மார்கழிக்குள்ள."
மனேஜர் விஜேதுங்க நீட்டிய தாளில்
காபன் என்று ஒரு சொல்,
அடியில் கோடு இழுத்து.
கொழும்பில் ஒரு சான்றிதழ் காத்திருக்கிறதாம்.
சொல்லும்போது கோட் போட்டிருந்தார்.
லொபியில் பதினெட்டு டிகிரி.
லொபிக்குக் கதவே இல்லை.

எனக்கு இந்த வேலையை வாங்கித் தந்தது
சேட்டிபிகேற்றில் ஒரு வரி:
பனி மண்டபம், பதினொரு வருடம்.

பாலைவனத்தில் ஒரு கட்டடம்.
வெளியே நாற்பத்தெட்டு.
உள்ளே சைபருக்குக் கீழே இரண்டு.
சறுக்குகிறவர்கள் சறுக்க
பனி சாகாமல் பார்ப்பது என் பொறுப்பு.
வாழைச்சேனையில் பிறந்தவனுக்குப் பனி என்றால்
மார்கழி விடியலில் புல்லில் நின்று
வெயில் கண்டதும் போய்விடுவது.
அங்கே அதைத் தொன் கணக்கில் செய்தோம்,
போகவே விடாமல்.
உள்ளிருந்து உறிஞ்சிய வெக்கையை
என்ன செய்வது?
பின்சுவரால் வெளியே தள்ளினோம்.
பின்சுவரோடுதான் பஸ் தரிப்பிடம்.
கட்டட வேலைக்குப் போகிற நேபாளப் பொடியன்கள்
அந்த வெக்கைக்குள் நின்றுதான் பஸ் பிடித்தார்கள்.
ஒருத்தனும் கேட்கவில்லை.
நானும் சொல்லவில்லை.

ஆகவே எங்கே தேடுவதென்று எனக்குத் தெரியும்.
ஆளில்லாத நீச்சல் தடாகத்துக்கு இரவு முழுக்கப் பம்ப்.
பூட்டிய மண்டபத்தில் குளிரில் விறைத்த கதிரைகள்.
சலவைக்கூடத்தில்
துணி காயவைக்க நாலு மெசின்;
வெளியே கச்சான்
கண்ணுக்குள் மண்ணை அள்ளிப் போட்டபடி.
யோகமலர் சொன்னாள்,
"காத்து சும்மா அடிக்குது அண்ணே,
நீங்க ஏன் காத்துக்குக் காசு கட்டுறீங்க?"

கொடி கட்டினோம்,
ஜெனரேற்றர் அறைக்குப் பின்னால்,
விருந்தினர் கண்ணில் படாமல்.
முதல்நாளே இரண்டு விரிப்புகள் எழும்பிக் கடலுக்குப் போயின.
ஒன்று ஒரு தோணிக்குள் விழுந்தது.
பாய்மரத்துக்கு ஆகுமென்று நினைத்தானோ என்னவோ
தோணிக்காரன் திருப்பித் தரவேயில்லை.

அறைகளுக்கு இருபத்தாறு என்று வைத்தேன்.
இருநூற்றிப் பதினாலில் இருந்து அழைப்பு.
வயசாளி. ஆல்ப்ஸ் மலைப்பக்கம்
சறுக்கு விடுதி வைத்திருக்கிறவர்.
"மூன்று வருசமாகப் பனி ஒழுங்காக விழவில்லை.
மெசின் வைத்துத் தூவுகிறோம்.
கரண்ட் பில் கழுத்தை நெரிக்கிறது."
என்ன மெசின் என்று கேட்டேன்.
சொன்னார்.
அதன் ஒவ்வொரு நட்டும் எனக்கு மனப்பாடம்.
கட்டில் விளிம்பில் இருந்து
ஒரே ஊர்க்காரர் மாதிரிக் கதைத்தோம்.
மறுகா கேட்டார்:
"இதைப் பதினெட்டு ஆக்கலாமா?"

இருபத்துநாலில் விட்டேன்.
மேலே காற்றாடியைப் போட்டுக் காட்டினேன்.
அவர் காற்றாடியைப் பார்த்தார், நான் தரையை.

பேத்தாழையில் என் வீட்டில்
கரண்ட் போனால் பாயை முற்றத்துக்கு இழுப்பார்கள்.
அந்த பில்லையும் ஒருநாள் விரித்துப் பார்த்தேன்.
குறைக்க ஒன்றுமில்லை.

ஞாயிற்றுக்கிழமை கடலில் இறங்கினேன்.
இடுப்பளவுத் தண்ணீர்,
ஆறவைத்த தேத்தண்ணீரின் சூடு.
காலடியில் முருகைக்கற்கள்
வெளுத்துக் கிடந்தன,
மீன் ஒன்றும் அண்டாமல்.
அந்த வெள்ளை எனக்குத் தெரியும்.
பதினொரு வருடம்
சம்பளம் வாங்கி அதைத்தான் காத்தேன்.

இந்த மாதம் பத்தொன்பது வீதம்.
விஜேதுங்க கையெழுத்துப் போட்டார்.
கோட் கதிரையில் தொங்கியது.
"லொபி ஏசி பழுதா தவநேசன்?
ஒருத்தரும் முறைப்பாடு சொல்லல்லியே."
பார்க்கிறேன் சேர் என்றேன்.
நிறுத்தியது நான்தான் என்று
இன்னும் சொல்லவில்லை.