கைவிட்ட ஏக்கர்

தாஷ்கண்ட், புள்ளியியல் அலுவலகம், மூன்றாம் மாடி.
ஹீட்டர் இன்னும் சூடேறவில்லை.
என் திரையில் இரண்டு கோடுகள்:
அமெரிக்காவுக்கு நீலம், எங்களுக்குச் சிவப்பு.
நூறு வருடப் பருத்தியை
ஒரே தாளில் அடக்கித் தரவேண்டும்,
வெள்ளிக்கிழமைக்குள்.

நீலம் நிலையில்லாதது,
குடித்தவன் வீடு திரும்புகிற நடை.
ஒரு வருடம் ஆலங்கட்டி, சரிகிறது.
ஒரு வருடம் வறட்சி, மறுபடி சரிகிறது.
டெக்சாஸில், லாமேசா பக்கம்,
எல்வின் கோட்ஸ்கி என்றொரு விவசாயி
கைப்பட எழுதிய கணக்கு
ஸ்கேன் படமாய் என்னிடம் இருக்கிறது:
‘விதைத்தது எண்ணூறு ஏக்கர்.
எடுத்தது இருநூற்றுப் பத்து.
மீதி மணற்காற்றுக்கு.’
பேனா அழுத்திய இடத்தில் தாள் கிழிந்திருக்கிறது.

சிவப்பு ஒரு படிக்கட்டு.
போர் முடிந்த வருடத்தில் தொடங்கி
கால் வழுக்காமல் ஏறுகிறது.
பனி முந்திக்கொண்ட வருடமும் ஏறுகிறது,
காய்ப்புழு வந்த வருடமும்.
எண்பதில் உச்சி.
அப்புறம் கயிறறுந்த வாளி.

பருத்தி புடவையாய்க் காய்த்தது என்பார்கள்.
எங்கள் கூட்டுப்பண்ணையில் அது
எண்ணாய்க் காய்த்தது.

எனக்குத் தெரியும்.
எழுபத்தொன்பது அக்டோபர். பதினோரு வயது. பள்ளிக்குப் பூட்டு.
இடுப்பில் கட்டிய பையில்
நாள் முழுக்கப் பொறுக்கியது பதினான்கு கிலோ,
அதில் ஒன்று ஈரம், அரை மண்.
தராசுக்காரர் ஹோல்மத் முள்ளைப் பார்க்கவில்லை,
என் விரல் நுனிகளைப் பார்த்தார்.
இருபத்திரண்டு என்று எழுதினார்.
“ஸுல்ஹுமோர், வளர்ந்துவிட்டாய்” என்றார்.
அன்று மாலை கூடுதலாக ஒரு ரொட்டி.
அந்த எட்டுக் கிலோ
இந்தச் சிவப்பில் எங்கோ இருக்கிறது.
எத்தனை பெரிதாக்கினாலும் தெரியவில்லை.

ஹோல்மத்தை எண்பத்தைந்தில் கூட்டிப்போனார்கள்.
எழுதச் சொன்னவரின் மகன் வீட்டுக்
கல்யாணத்துக்குப் போய்வந்தேன், போன வருடம்.

நீலத்தை மெச்சத்தான் தோன்றியது.
பின்னால் இழுத்துப் பார்த்தேன்,
கேட்ட நூறு வருடத்தையும் தாண்டி:
ஆயிரத்து எண்ணூற்று இருபது, முப்பது, ஐம்பது.
அங்கே நீலமும் அதிகம் தள்ளாடவில்லை.
பத்து வருடத்துக்கொரு படி, கனமான படி.
பொறுக்கியவர்களின் பெயர் அட்டவணையில் இல்லை;
அவர்களுக்கு வேறொரு பேரேடு,
அதில் பெயருக்கு எதிரே விலை.
தேநீர் ஆறியது.
கொஞ்ச நேரம் எதையும் தட்டவில்லை.

இப்போது அவர்கள் படிவத்தில் இரண்டு கட்டங்கள்:
விதைத்தது, எடுத்தது.
இடையில் விழுகிற நிலத்துக்கு ஒரு பெயர்கூட உண்டு,
கைவிட்டது.
எங்கள் பழைய படிவத்தில் ஒரே கட்டம்.
நஷ்டத்தை எழுத இடம் அச்சடிக்கவில்லை.
ஏட்டுச் சுரைக்காய்தான் கறிக்கு உதவாது;
ஏட்டுப் பருத்தி ரயிலேறிப் போயிற்று,
பூட்டி முத்திரையிட்ட காலிப் பெட்டிகளில்.

பிரிவுத் தலைவர் தோளுக்குப் பின்னால் நிற்கிறார்.
“அந்தச் சரிவைக் கொஞ்சம் மழுக்கேன்,
கண்ணை உறுத்துகிறது.”

சரிவைத் தொடவில்லை.
அதற்கு முந்தைய ஏற்றத்தைப்
புள்ளி புள்ளியாய் மாற்றுகிறேன்.
கீழே, சிறிய எழுத்தில்:
‘இவ்வாண்டுகளின் அளவு உறுதியல்ல.’
அழிக்கிறேன்.
‘இதில் எட்டுக் கிலோ என்னுடையது.’
வெள்ளிக்கிழமைக்கு
இன்னும் இரண்டு நாள் இருக்கிறது.